ரோஸ்மேரி இலையும் நோன்புக் கஞ்சியும்

சிவகாசி,
பராத்து கழிந்த வெள்ளிக்கிழமை.

என் அருமை மகள் உம்மு சல்மாவுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் தம்பி தவுபிக்கும் அவன் பெண்டாட்டி நாஜியாவும் சுகம், அங்கே குன்னூர்க் குளிரில் நீயும் மாப்பிள்ளை ரியாஸும் என் பேரப்பிள்ளைகளும் சளி இருமல் இல்லாமல் இருக்க அஞ்சு வேளையும் கையேந்திக்கொண்டுதான் இருக்கிறேன். போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் காகிதம் என்று நீ சிரிப்பாய். போனில் நான் ஒரு பேச்சை எடுத்து முடிக்குமுன்னே நீ குறுக்கே விழுந்து விட்டுருங்கம்மா விட்டுருங்கம்மா என்று வைத்துவிடுகிறாய், காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் என் பெரியண்ணனைக் கேட்டுக்கொள், மூன்றாம் வகுப்போடு பொம்பளப்பிள்ளைக்குப் போதும் என்று என் சிலேட்டை வாங்கிப் பரணில் போட்டவர் அவர்தான், அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகும் அது மட்டும் எனக்கு மறக்கவில்லை.

போன மாசம் நீ போனில் சொன்னதையும் மறக்கவில்லை. இந்த ரமலானுக்குச் சின்னம்மாவே கஞ்சி காய்ச்சட்டும், இல்லைன்னா நான் கடைக்கு லீவு போட்டு வந்து காய்ச்சித் தர்றேன், நீங்க பேசாம ஒரு ஓரமா உக்காந்து தஸ்பீஹ் ஓதுங்கம்மா என்றாய். பாசத்தில்தான் சொன்னாய், தெரியும், ஆனாலும் அன்றைக்கு ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை. உன் பேச்சுக்குத்தான் இந்தக் காகிதத்தில் பதில் எழுதுகிறேன். போன ரமலானில் நடந்ததை நீ உன் சின்னம்மா ஜைத்தூன் வாயால்தான் கேட்டிருக்கிறாய், என் வாயால் கேட்கவில்லை, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நம் வீட்டுப் பெரிய தேக்சாவில் கஞ்சி காய்ச்சித் தெருவுக்கு ஊற்றுவது உன் அத்தாவைப் பெற்ற பாட்டி காலத்து வழக்கம். என் மாமி என் கையில் துடுப்பைக் கொடுத்த அன்றைக்கே சொன்னார்கள், நோன்பு வச்சவ நாக்குல வச்சுப் பாக்கப்படாது, உப்பும் வேக்காடும் மூக்குக்குத் தெரியணும் என்று. அவசியமென்றால் நாக்கு நுனியில் தொட்டுத் துப்பிக்கொள்ளலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார், ஆனாலும் நம் வீட்டில் மாமியும் தொட்டதில்லை நானும் தொட்டதில்லை. ஆவி மூக்கில் பட்டால் போதும், உப்பு நிற்கிறதா வெந்தயம் தூக்கலா தேங்காய்ப்பால் திரிந்ததா எல்லாம் எனக்குத் தெரியும், அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்கு முந்தின மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் மூக்கை எடுத்துக்கொண்டு போனது உனக்குத் தெரியும். ஆனால் எனக்கே அது முழுசாகத் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. கஞ்சியில் பூண்டு போட்டேன், பூண்டு வாசம் வந்தது. புதினா போட்டேன், புதினா வந்தது. வந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடி தீய்ந்து கருகிப் புகை வாடை தெருமுக்கு வரைக்கும் போயிருக்கிறது, அடுப்பை ஒட்டி நின்ற எனக்கு நல்ல கஞ்சி வாசம்தான் அடித்துக்கொண்டிருந்தது. பின் வீட்டுச் சோலையம்மாள் தாயில்பட்டி வெடிக் கம்பெனி வேனிலிருந்து இறங்கினவள் நேராக அடுப்படிக்கு ஓடிவந்து, யக்கா என்னக்கா இது, சட்டி தீயுது, பக்கத்துலயே நின்னுக்கிட்டு ஒங்களுக்குத் தெரியலையா என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். அதற்குள் பாதிக் கஞ்சி தெருவுக்குப் போய்விட்டது. என் ஓர்ப்படி, உன் சின்னம்மா என்ன செய்தாள், எல்லோரும் பார்க்க அவள் தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து நம் வாசலில் உள்ள சாக்கடையில் கவிழ்த்து, வாயில்லாச் சீவனுக்குக்கூட இத வைக்க முடியாதுக்கா என்றாள். மறுநாள் தேக்சாவைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் ஊற்றினதும் குற்றமில்லை, கொண்டுபோனதும் குற்றமில்லை, எல்லோரும் பார்க்க ஊற்றினாள் பார், அதைத்தான் நான் மனசில் வைத்திருக்கிறேன்.

பெருநாள் கழிந்து விருதுநகரில் மூக்கு டாக்டரிடம் தவுபிக் கூட்டிப் போனான். அவர் நரம்பு அடிபட்டிருக்கிறது, மருந்து மாத்திரை பெரிதாக ஒன்றும் இல்லை, நாலு விதமான வாசனையைக் காலையும் சாயங்காலமும் விடாமல் மோந்து பழகுங்கள், வந்தாலும் வரும், வராமலும் போகலாம் என்றார். அதைக் கேட்டு நீ அனுப்பிய செடிதான் இந்த ரோஸ்மேரி. கிராம்பும் எலுமிச்சைத் தோலும் இஞ்சியும் வீட்டில் இருந்தது, நாலாவதுக்கு இது. பார்சலைப் பிரித்ததும் சோலையம்மாள், என்னக்கா ஒங்க மக சவுக்குக் குழையை ஒடிச்சு அனுப்பியிருக்கு, அடுப்புக்கா என்று கேட்டாள். முதல் செடியை நாஜியா கொத்தமல்லி மாதிரி நினைத்து விடிந்தால் பொழுதுபோனால் தண்ணீர் ஊற்றிச் சாகடித்துவிட்டாள், வேர் அழுகி நாறியிருக்கிறது, அதுவும் எனக்குத் தெரியவில்லை. ரெண்டாவது செடி மாப்பிள்ளை கொண்டுவந்தபோது நான் யாரையும் தொடவிடவில்லை. வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து சோலையம்மாள் ஒரு சாக்கு மணல் கொண்டுவந்தாள், கரிசல் மண் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று செம்மண்ணும் மணலும் கலந்து மண்தொட்டியில் வைத்தேன். காலை வெயில் படும்படி, உச்சி வெயில் படாதபடி, மண் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர். நம் ஊர் அக்கினி வெயிலில் அது முறைத்துக்கொண்டுதான் நிற்கிறது, என்னை மாதிரி.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படி. என் ஞாபகம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். என் கல்யாணத்தில் எவள் எந்தச் சேலை கட்டி வந்தாள், எவர் பிரியாணியில் எலும்புதான் இருக்கிறது என்று சொன்னார் என்று இன்றைக்கும் சொல்வேன். அந்த ஞாபகம்தான் என்னைக் கெடுத்தது. கிராம்பைக் கையில் எடுத்ததும் கிராம்பு வாசம் வந்துவிடுகிறது, ஆனால் மூக்கு சொல்கிறதா ஞாபகம் சொல்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு நாஜியாவைக் கொடுக்கச் சொன்னேன், இஞ்சியைக் கொடுத்தாள் கிராம்பு என்றேன், வெறும் பிஞ்சுக் கத்தரிக்காயைக் கொடுத்தாள் எலுமிச்சை என்றேன், அவள் சிரித்துக்கொண்டே, மாமி நீங்க மோந்து பாக்கல, நெனச்சுப் பாக்குறீக என்றாள். சின்னப்பிள்ளை சொன்னாலும் அதுதான் விஷயம். போன ரமலானில் அடுப்புப் பக்கம் நின்றது நான் இல்லை, என் ஞாபகம்தான் நின்றது. இந்த ரோஸ்மேரி இருக்கிறதே, இதை நான் பிறந்ததிலிருந்து கண்டதில்லை, மூக்கு போன பிறகுதான் வீட்டுக்குள் வந்தது. இதன் வாசம் எப்படி இருக்கும் என்று என் ஞாபகத்தில் ஒன்றுமே கிடையாது. அதனால் இதில் ஏதாவது அடித்தால் அது மூக்குதான், வேறு எதுவும் இல்லை. அன்றையிலிருந்து மற்ற மூன்றையும் கடமைக்கு மோந்துவிட்டு இதைத்தான் பிடித்துக்கொண்டேன். சுபுஹு தொழுதுவிட்டு ஒரு கிள்ளு கிள்ளி விரலில் கசக்கி மூக்குக்கு நேரே வைத்துக்கொள்வேன். ஒன்றுமே இல்லை. மாசக்கணக்கில் ஒன்றுமே இல்லை. உன் சின்னம்மா வாசலோடு போகும்போதெல்லாம், என்னக்கா சவுக்குக் குழை பேசுதா என்று கேட்டுக்கொண்டு போவாள். பேசும்போது உனக்கு ஆளனுப்புதேன் போ என்பேன்.

ஆடி மாசம் மூக்கு திரும்பியது, ஆனால் ஏறுக்கு மாறாக. காப்பி, மல்லித்தூள், வெங்காயத் தாளிப்பு எல்லாம் நமுத்துப்போன வெடி மருந்து மாதிரி அடித்தது. சோறு தொண்டையில் நிற்கவில்லை, உடம்பு இளைத்தது, உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் காரைப் பிடித்து வந்துவிடுவாய். டாக்டர் இது நல்ல குறிதான், நரம்பு வேலை செய்யப் பார்க்கிறது, விடாதீர்கள் என்றார். ஊரில் எல்லாமும் நாறும்போது இந்த இலை ஒன்றுதான் ஒருநாள் காலையில் மூக்கின் மேல்பக்கம் சுருக்கென்று ஏறியது. தைலமும் இல்லை துளசியும் இல்லை, ரெண்டுக்கும் நடுவில், மழை பெய்த மரப்பட்டை மாதிரி. நான் எதுவும் சொல்லாமல் நாஜியாவைக் கூப்பிட்டு இது எப்படி அடிக்கிறது சொல்லு என்றேன், அவளும் மரப்பட்டை மாதிரி இருக்கு மாமி என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது, எலுமிச்சை முதலில், பிறகு பூண்டு, பிறகு தீய்ந்த வாடை. வெந்தயமும் உப்பு ஆவியும் இன்னும் வரவில்லை.

நீ கேட்டாயே அந்த இலையைச் சமையலில் போட்டீர்களா என்று, போட்டேன். முதல் தடவை ஆட்டெலும்பு ரசத்தில் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுவிட்டேன், தவுபிக் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, இது குடிக்கவா இல்ல முதுகுல தேய்க்கவா என்று கேட்டான். கறிவேப்பிலை மாதிரி அள்ளிப் போடுகிற இலை இல்லை அது. ஒரு சின்ன இணுக்கு, எண்ணெய் சூடேறும்போது பூண்டோடு போட்டு, வாசம் இறங்கினதும் குச்சியை எடுத்துப் போட்டுவிட வேண்டும். ஆட்டுக்கறிக்கும் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் நன்றாகச் சேருகிறது, மீனுக்குச் சேரவில்லை, கருவாட்டுக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நோன்புக் கஞ்சியில் மட்டும் போட மாட்டேன், அதற்குப் புதினாவும் மல்லியும்தான், அதில் நீ எனக்குப் புதுசு சொல்லித்தர வேண்டாம். தவுபிக் லேபிள் வெட்டுகிற கம்பெனியில் சீசன் ஆர்டர் நேரத்தில் கண்ட நேரத்தில் பரோட்டாவைத் தின்றுவிட்டு வயிறு உப்பிக்கொண்டு வருவான், அவனுக்கு ரெண்டு இலையை வெந்நீரில் போட்டு மூடிவைத்துக் கொடுக்கிறேன், ஏப்பம் விட்டுவிட்டுத் தூங்குகிறான். நான் அதிகம் குடிக்கிறதில்லை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை மருந்து மாதிரி தினம் குடிக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னாள், நீயும் மாப்பிள்ளைக்குப் பார்த்துக் கொடு, அவருக்கும் பிரஷர் இருக்கிறது. நாஜியா முழுகாமல் இருக்கிறாள் என்று உனக்குச் சொன்னேன், அவளுக்கு வறுவலில் ஒரு இணுக்கோடு சரி, இலை போட்ட வெந்நீரும் கிடையாது தைலமும் கிடையாது. நீ அனுப்பின தைல பாட்டிலை உயரத்தில் வைத்துவிட்டேன், அது குடிக்கிற சாமான் இல்லை, உன் வீட்டிலும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வை, தைலக் கடையில் இருக்கிற பழக்கத்தில் நீ எங்கும் வைத்துவிடுவாய். சோலையம்மாளுக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாய்ப் போகிறது என்று தேங்காயெண்ணெயில் இந்த இலையைப் போட்டு இளஞ்சூட்டில் காய்ச்சிக் கொடுத்தேன். வேலைக்குப் போகிற நாளில் தேய்க்காதே, எண்ணெய்த் தலையில் வெடி மருந்துத் தூள் அப்பிக்கொள்ளும், லீவு நாளில் தேய்த்து சீயக்காய் போட்டு முழுகு என்று சொல்லியிருக்கிறேன். முடி வளர்ந்துவிட்டதா என்று கேட்டால், வளரலக்கா, ஆனா போறது கொறஞ்சிருக்கு, அம்புட்டுப் போதும், இனிமே எனக்கு யாரு பொண்ணு பாக்க வரப்போறா என்கிறாள்.

இப்போது பராத்து நோன்பன்று நடந்ததற்கு வருகிறேன், இதற்காகத்தான் இவ்வளவும். ரமலானுக்கு முன்னால் எல்லோரும் நோன்பு வைக்கிற நாள் அது ஒன்றுதான். நானே ஜைத்தூன் வீட்டுக்குப் போய், தேக்சாவைக் கொடு, இன்னைக்குக் கஞ்சி நான் காய்ச்சுறேன், நீ வந்து பக்கத்துல உக்காந்து பாரு, தீஞ்சா ரமலானுக்கு நீயே வச்சுக்க, நான் வாய தொறக்க மாட்டேன் என்றேன். அவள் வீட்டு வாசலை நான் மிதித்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒங்க பிடிவாதத்துக்கு நான் பொறுப்பில்லக்கா என்று சொல்லித் தேக்சாவை அனுப்பினாள். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு நாற்காலி போட்டு அடுப்புக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள், கையில் தஸ்பீஹ் மணி, கண் என் மேலே. நாஜியா மசக்கையில் அடுப்படி வாடைக்கே குமட்டிக்கொண்டு உள்ளே படுத்துவிட்டாள். நான் கிண்டினேன். பூண்டு வந்தது, மெய்யாகவே வந்தது. வெந்தயம் வரவில்லை. அரிசி குழைந்து கறியோடு சேர்ந்து கொதிக்கும்போது ரோஸ்மேரியில் பழகின அதே இடத்தில், மூக்கின் மேல்பக்கம், லேசாக ஒரு உறுத்தல். அந்த நிமிஷமே விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தேன். என்னக்கா, நல்லா எரியிற அடுப்ப அமத்துறீக என்றாள் ஜைத்தூன். அடிப்பிடிக்கப் போகுது என்றேன். எழுந்து வந்து சட்டிக்கு மேலே குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, எனக்கு ஒண்ணும் அடிக்கலயே என்றாள். துடுப்பை அடியில் விட்டுச் சுரண்டித் தூக்கிக் காட்டினேன், நாலு பருக்கை இளஞ்சிவப்பாய் நிறம் மாறி ஒட்டியிருந்தது, கருகவில்லை, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கருகியிருக்கும். அவள் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அதோடு முடிந்திருந்தால் நான் ஜெயித்தேன் என்று எழுதியிருப்பேன். உப்பு இருக்கிறதே. கையில் கல்லுப்பை அள்ளிக்கொண்டு நின்றேன், ஆவி முகத்தில் அடிக்கிறது, உப்பு எவ்வளவு நிற்கிறது என்று ஒன்றுமே தெரியவில்லை. என் கைக்கு அளவு தெரியும், இத்தனை வருஷம் போட்ட கை, கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கலாம். ஆனால் அது மறுபடியும் ஞாபகம்தானே. ஒரு தடவை என்னை நம்பவைத்து நடுத்தெருவில் நிறுத்தியதை நான் எப்படி மறுபடி நம்புவேன். மனுசரையே நம்பமாட்டேன், ஞாபகத்தை மட்டும் விட்டுவிடுவேனா. அந்த நேரம் பார்த்துச் சோலையம்மாள் வேனிலிருந்து இறங்கி வந்தாள். ஏ சோலையம்மா, கையக் கழுவிட்டு வந்து இதில உப்பு எப்பிடி இருக்குன்னு பாத்துச் சொல்லு என்றேன். ஜைத்தூன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். மாமி இருந்தா இதுக்கு ஒத்துக்கிருவாகளா, நோன்பு தொறக்கு முன்ன இந்த வீட்டுக் கஞ்சியில ஒரு நாக்கு பட்டிருக்கா என்று சத்தம் போட்டாள். நானும் சத்தமாகவே சொன்னேன், மாமிக்கு முழு மூக்கு இருந்துச்சு ஜைத்தூன், எனக்கு அல்லா திருப்பித் தந்தது பாதி மூக்கு, மிச்சத்துக்கு இவ நாக்கு, இவளுக்கு நோன்பும் இல்ல, உப்பில்லாக் கஞ்சியத் தெருவுக்கு ஊத்துன்னு மாமி எனக்குச் சொல்லிக்குடுக்கவும் இல்ல என்றேன். சோலையம்மாள் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு, கிண்ணத்தில் வாங்கி ஊதி ஊதிக் குடித்து, உப்பு கம்மிக்கா, இன்னும் கொஞ்சம் போடுங்க, கறியும் கம்மிதான், அது ஒங்க இஷ்டம் என்றாள். ஜைத்தூனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, தலைத்துணியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பார்த்தேன்.

மஃரிபுக்கு, நோன்பு திறக்கிற நேரத்துக்கு, தெருவுக்கெல்லாம் கஞ்சி போனது. ஜைத்தூன் வீட்டுத் தூக்குச்சட்டி ஒரு தடவை வந்தது, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது. மறுநாள் காலையில் அவளே வந்து, தேக்சா இங்கனயே இருக்கட்டுங்க்கா, எனக்கு முதுகு வலிக்கி, இதையெல்லாம் தூக்க முடியல என்றாள். முந்தின வாரம்தான் ஒற்றை ஆளாகக் கட்டிலை இழுத்துப் போட்டவள் அவள். நான் அதைச் சொல்லிக்காட்டவில்லை, முதுகைப் பாத்துக்க என்று மட்டும் சொல்லி இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி கொடுத்தேன். சாக்கடையில் ஊற்றினதை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அது இருக்கிறது, அதன் இடத்தில் இருக்கட்டும்.

அதனால் மகளே, என் முடிவைத் தெரிந்துகொள். இந்த ரமலான் முழுக்க கஞ்சி நான்தான் காய்ச்சுவேன். விறகுக்குத் தவுபிக், தீக்கு என் மூக்கு, உப்புக்குச் சோலையம்மாள், அவளுக்கு வேலை நீண்டுபோகிற நாளில் பின் வீட்டில் யார் இருந்தாலும் கூப்பிடுவேன், வெட்கப்பட மாட்டேன். முழு மூக்கு வந்தால் அல்ஹம்துலில்லாஹ், வராவிட்டாலும் அடுப்பு எரியும். இலையை மோந்துகொண்டுதான் இருக்கிறேன், நிறுத்தவில்லை, வெந்தயம் வருகிறவரைக்கும் நிறுத்த மாட்டேன்.

பிள்ளைகளுக்குக் காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு. மாப்பிள்ளையை மாத்திரை விடாமல் சாப்பிடச் சொல். அல்லாஹ் உங்கள் கடையிலும் வீட்டிலும் பரக்கத்தைத் தரட்டும், உன் பிள்ளைகள் உன்னிடம் நீ என்னிடம் பேசுவது மாதிரி பேசாமல் இருக்கட்டும், பேசினாலும் உனக்குத் தாங்குகிற மனசைத் தரட்டும். நீ எடுப்பதாகச் சொன்ன லீவை ரத்து செய்யாதே, எடு. முதல் நோன்புக்கே பிள்ளைகளோடு வந்துவிடு. துடுப்பைத் தொட வராதே. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு வரிசையில் உட்கார், நான் ஊற்றுகிறேன், குடித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்.

துஆவுடன்,
உன் அம்மா
சம்சு